மாறிக்கொண்டே இருக்கும் கற்பனை உலகை வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைக்காகவோ, பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டுக்காகவோ சொந்தமாக ஓர் உலகம் கட்டுகிறவர்களுக்கு வரைபடம் வரைந்து கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. முதல் படம் எல்லோருக்கும் எளிதாக வந்துவிடுகிறது. கதை இருநூறு ஆண்டு முன்னே போய், ஆறு தடம் மாறி, தீவு ஒன்று மூழ்கியதும் சிக்கல் தொடங்குகிறது. அப்போது வரும் கேள்விகளே கீழே உள்ளவை. எடுத்துக்காட்டுக்காக மருளாறு என்றோர் ஆற்றையும் அதன் முகத்துவாரத்தில் கொற்றுறை என்றொரு துறைமுகத்தையும் கற்பனையாக வைத்துக்கொள்கிறேன். மற்ற ஆறுகளும் ஊர்களும் உண்மையானவை.

என் உலகத்தின் நிலம் மாறித்தான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. கதை ஒரே தலைமுறைக்குள் முடிந்துவிட்டால் நிலத்தை அசைக்காமலே விட்டுவிடலாம். ஆனால் "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் பொறுப்பு வந்துவிடுகிறது. இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸ் பழங்காலத்தில் பெரிய துறைமுக நகரம். ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. இன்று அந்த இடிபாடுகளிலிருந்து கடலுக்குப் பல கிலோமீட்டர் போக வேண்டும். உங்கள் கொற்றுறை மட்டும் ஆயிரம் ஆண்டுகளாக அதே கரையில் அதே ஆழத்தோடு நிற்கிறது என்றால், யாரோ இடைவிடாமல் தூர்வாருகிறார்கள் என்று பொருள். யார், எந்த வரிப்பணத்தில் என்று யோசித்துப் பாருங்கள். கதைக்கு அதுவும் நல்ல பொருள்தான்.

எத்தனை ஆண்டில் எவ்வளவு மாற்றலாம்?

புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். கண்டங்களை நகர்த்துகிறார்கள், ஆறுகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவைச் சுமக்கும் கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது. ஆயிரம் ஆண்டில் 50 மீட்டர். 1 மில்லிமீட்டர் 1 கிலோமீட்டரைக் குறிக்கும் வரைபடத்தில் கரைக்கோட்டின் தடிமனே 0.3 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது அந்தக் கோடு 300 மீட்டர் நிலத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆயிரம் ஆண்டுக் கண்டப் பெயர்ச்சி அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே மனித வரலாற்று அளவில் கண்டங்களைத் தொடாதீர்கள்.

எரிமலை வேறு கதை. மெக்சிகோவில் 1943இல் ஒரு மக்காச்சோள வயலில் வெடித்த பரிகுட்டின், 1952இல் அடங்குவதற்குள் 424 மீட்டர் உயரக் கூம்பாக நின்றது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963இல் கடலுக்குள்ளிருந்து எழுந்த சர்ட்ஸி தீவு, 1967இல் எரிமலை ஓய்ந்தபோது 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டிருந்தது. அலைகள் அதில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிட்டன. ஒரு மனிதர் தன் ஆயுளுக்குள்ளேயே ஒரு தீவின் பிறப்பையும் தேய்வையும் பார்க்க முடியும்.

ஆறு, கழிமுகம், மணல்திட்டு, ஏரி: நூறாண்டு அளவில் இவற்றை மாற்றுங்கள். கடல் மட்டம், பனிப்பாறை, பெரும் பாலைவனம்: இவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில். மலைத்தொடரும் கண்டமும் கோடி ஆண்டு விவகாரம்; படைப்புப் புராணம் எழுதுகிறவர்கள் மட்டும் அதற்குள் நுழைந்தால் போதும்.

ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனி வரைபடம் வரைந்து வைத்துக்கொண்டால் போதாதா?

மூன்று காலம் வரை போதும். நான்காவது வந்ததும் குழம்பும். முதல் படத்தில் ஒரு மலைக்கணவாயை இடம் மாற்றினால் மற்ற மூன்றிலும் கையால் மாற்ற வேண்டும், ஒன்றிலாவது மறந்துபோகும்.

நான் பரிந்துரைப்பது பதிவேடு. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: அடையாள எண், வகை, தோன்றிய ஆண்டு, மறைந்த ஆண்டு, காரணம், எதிலிருந்து வந்தது. மருளாற்றின் தென்தடம் உலகத்தின் தொடக்கத்திலிருந்து 412 வரை; காரணம், பெருவெள்ளம். அதன் வடதடம் 412இல் தொடக்கம்; முடிவு காலி. இப்படி எழுதி வைத்துவிட்டால் 300ஆம் ஆண்டுப் படமும் 500ஆம் ஆண்டுப் படமும் ஒரே தரவிலிருந்து கிடைக்கும் இரண்டு வெட்டுமுகங்கள் ஆகிவிடுகின்றன. 'எதிலிருந்து வந்தது' என்ற பத்தியை வீண் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய தடம் ஆற்றிலிருந்து அறுபட்டு வளைந்த குதிரைலாட ஏரியானதையும், ஏரி சதுப்பானதையும், சதுப்பு வயலானதையும் சங்கிலியாகத் தொடர உதவுவது அதுதான்.

இன்னொன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கு ஒரு பதிவேடு, ஊர்கள், எல்லைகள், பெயர்களுக்கு ஒன்று, அந்த உலகத்து மக்களுக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்பதற்கு ஒன்று என மூன்றாகப் பிரித்து வையுங்கள். மூன்றும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஆறு ஒரே இரவில் நகரும். துறைமுகத்து வணிகர்கள் இடம்பெயர இருபது ஆண்டு ஆகும். தலைநகர அலுவலகத்துப் படம் திருத்தப்பட நூறாண்டுகூட ஆகலாம். மாறும் உலகத்தின் சுவை முழுவதும் இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பிந்திய கேள்விகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

எந்த மென்பொருள் நல்லது?

வரைபட அழகு முக்கியம் என்றால் இங்கார்னேட், வொண்டர்டிராஃப்ட் போன்றவை. காலம் முக்கியம் என்றால் கியூஜிஐஎஸ். உண்மையான நில அளவைக்காரர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் அது. கற்க ஓரிரு வாரம் வியர்வை சிந்த வேண்டும். 2020இல் வந்த 3.14 பதிப்பு முதல் காலத்தை முன்பின் நகர்த்திப் பார்க்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கற்பனை நாட்காட்டிக்கு அந்தத் தேதி வசதியைவிட வெறும் எண்ணே நிம்மதி. தோன்றிய ஆண்டு 412க்கு மேற்படாதவை, மறைந்த ஆண்டு 412ஐத் தாண்டியவை அல்லது காலியாக உள்ளவை என்று வடிகட்டினால் அந்த ஆண்டின் உலகம் திரையில் வந்து நிற்கும்.

கண்டங்களையே நகர்த்தும் புராணக்காரர்களுக்கு ஜிபிளேட்ஸ். புவியியல் ஆய்வாளர்களுக்காக உருவான இலவசக் கருவி. உருண்டையின் மேல் தட்டுகளை ஓட்டிப் பார்க்கலாம்.

காகிதமும் பென்சிலும் தான் வேண்டும் என்பவர்களுக்கு அடியில் உள்ளது தெரியும் டிரேசிங் தாள். அடியில் மாறாத மலைகள், மேலே காலத்துக்கு ஒரு தாள். தாள்களைச் சரியாகப் பொருத்த நான்கு மூலைகளிலும் பதிவுக்குறி போட மறக்காதீர்கள்.

உலகம் உருண்டை என்றால் படத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

உருண்டையைத் தட்டைத் தாளில் விரிக்க 1569இல் வந்த மெர்கேட்டர் முறையில் 60ஆவது அகலாங்கில் நீளம் இருமடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் பெருத்துத் தெரியும். பனிப்பாறை விரிவதையும் சுருங்குவதையும் அந்தப் படத்தில் காட்டினால் பொய்யாகிவிடும். துருவப் பகுதிக்குத் தனிப் படம் போடுங்கள். கதை ஒரே ஒரு நாட்டுக்குள் நடந்தால் இதையெல்லாம் மறந்துவிடலாம்.

ஆற்றைத் தடம் மாற்றுவது எப்படி? எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாமா?

கூடாது. ஆறு இடம் மாறும் விதம் இரண்டு. ஒன்று, வளைவின் வெளிக்கரையை அரித்து உட்கரையில் மணலைப் படியவைத்து மெல்ல ஊர்வது. வளைவு முற்றி, கழுத்து அறுபட்டு, குதிரைலாட ஏரி பிரியும். சமவெளியில் எங்கும் நடப்பது இது. மிசிசிப்பி ஆற்றின் பழைய வளைவுகளையெல்லாம் காலத்துக்கு ஒரு நிறமாக ஹெரால்டு ஃபிஸ்க் 1944இல் வரைந்த படங்களை ஒருமுறையாவது பாருங்கள். நிறநாடாக்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு கிடக்கும். ஒரே தாளில் பல காலத்தைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

இரண்டாவது, தாவல். வண்டல் மிகுந்த ஆறு தன் படுகையைத் தானே உயர்த்திக்கொண்டு போகும். கரைகளும் சேர்ந்து உயரும். ஒரு கட்டத்தில் ஆறு சுற்றியுள்ள சமவெளியைவிட உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த பெருவெள்ளத்தில் கரை உடைந்தால், தண்ணீர் பள்ளம் பார்த்து வேறு வழியில் கடலுக்கு ஓடிவிடும். சீனாவின் மஞ்சள் ஆறு 1855இல் இப்படித்தான் ஷான்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே இருந்த முகத்துவாரத்தைக் கைவிட்டு வடக்கே போஹாய் கடலுக்குப் போனது. இடைவெளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கோசி ஆறு இரண்டரை நூற்றாண்டுகளில் 100 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்தது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தில் கரையை உடைத்துக்கொண்டு கிழக்கே தன் பழைய தடங்களில் பாய்ந்தது. கைவிட்ட தடத்தை ஆறு மறப்பதில்லை. பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே மருளாற்றை மலையிடுக்கில் தாவவைக்காதீர்கள். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் விசிறி போன்ற இடத்திலோ, கழிமுகத்துக்குச் சற்று மேலோ தாவவையுங்கள். கழிமுகம் கடலுக்குள் நீண்டுவிட்டால் பழைய வழி நீளமாகவும் சரிவு குறைவாகவும் ஆகிவிடும். பக்கத்தில் குறுக்குவழி காத்திருக்கும். தாவிய பிறகு பழைய கழிமுகம் வண்டல் கிடைக்காமல் கடலால் அரிக்கப்படும். புதிய முகத்துவாரத்தில் நிலம் வளரும். தென்கரையில் ஒரு துறைமுகம் காய, வடகரையில் மீனவக் குடில்கள் நகரமாக வளர, இடையில் ஒரு தலைமுறை முழுவதும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

பொதுவிதி ஒன்று: ஆறுகள் கடலை நோக்கிப் போகும்போது சேரும், கழிமுகம் தவிர வேறெங்கும் அனேகமாகப் பிரியாது. விதிவிலக்கு உண்டு. தென் அமெரிக்காவில் ஓரினோகோ ஆற்றிலிருந்து பிரிந்து ரியோ நீக்ரோ வழியாக அமேசானுக்குப் போகும் காசிகியாரே அப்படிப்பட்டது. ஒரு கண்டத்துக்கு அப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் மட்டத்தை ஏற்றினால் கரையை எப்படி வரைவது?

சம உயரக் கோடு இல்லாமல் செய்ய முடியாது. குறைந்தது கடற்கரைப் பகுதிக்காவது 10 மீட்டர், 50 மீட்டர் கோடுகளையும், கடலுக்குள் அதே ஆழங்களையும் வரைந்துவிடுங்கள். பிறகு கரையை நீங்கள் 'கற்பனை' செய்ய வேண்டியதில்லை, கோடே சொல்லும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சமவெளியில் கடல் 10 மீட்டர் ஏறினால் கரை 10 கிலோமீட்டர் உள்ளே வரும். செங்குத்துப் பாறைக்கரையில் அதே ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. கரை முழுவதையும் ஒரே அளவு உள்ளே தள்ளி வரைந்திருந்தால், வரைந்தவர் உயரம் பார்க்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

அளவுக்கு ஒரு குறிப்பு: பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைக்கு ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வடகடல் இருக்கும் இடத்தில் அப்போது நிலம். டாகர்லேண்டு என்று இன்று அதைக் குறிப்பிடுகிறார்கள். கடல் ஏற ஏற முதலில் பள்ளத்தாக்குகள் நீண்ட வளைகுடாக்களாயின, குன்றுகள் தீவுகளாயின, பிறகே அவையும் மூழ்கின. நிலத்தை மூழ்கடிக்கும்போது இந்த இடைக்கட்டத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

எதிர்த்திசையும் உண்டு, அதிகம் பேர் பயன்படுத்தாதது. பனியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல எழும்பும். ஸ்வீடனின் வடகரையில் நூற்றாண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் எழும்புகிறது. துறைமுகம் ஆழம் குறைந்துபோனதால் லூலியோ நகரத்தையே 1649இல் கடலோரத்துக்கு மாற்றினார்கள். பழைய தேவாலயமும் அதைச் சுற்றிய வீடுகளும் பின்னால் நின்றுவிட்டன. மூழ்கிய நகரங்கள் கதைகளில் நிறைய வந்துவிட்டன. கடல் கைவிட்டுப் போன நகரத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது.

காடு பாலைவனமாவதை எப்படிக் காட்டுவது?

நிலத்தின் வடிவத்தைத் தொடாமல் நிலப்போர்வையை மட்டும் தனி அடுக்காக வைத்து மாற்றுங்கள். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்று திணை மரபு சொல்கிறது அல்லவா, அந்தப் பார்வை வரைபடக்காரருக்கு மிக உதவும். பாலைக்கு நிரந்தர எல்லை போடாமல், எந்த நிலம் எந்த ஆண்டுகளில் பாலையாக இருந்தது என்று குறியுங்கள். சகாரா சுமார் 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை புல்லும் ஏரிகளுமாக இருந்தது.

மனிதர் செய்த பாலை வேண்டும் என்றால் ஆரல் கடலைப் பாருங்கள். பாசனத்துக்காக 1960களில் இரு ஆறுகளின் நீரும் திருப்பப்பட, உலகின் நான்காவது பெரிய ஏரி சுருங்கிச் சிதறியது. முய்னாக் துறைமுகத்துக் கப்பல்கள் மணலில் நிற்கின்றன.

ஆறு நகர்ந்தால் நாட்டெல்லையும் நகருமா?

சட்டம் படித்தவர்கள் இதற்கு அழகான விதி வைத்திருக்கிறார்கள். ஆறு மெல்ல ஊர்ந்தால் எல்லையும் கூடவே ஊரும். திடீரெனத் தாவினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். மிசௌரி ஆறு 1877 வெள்ளத்தில் தாவியதால், அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கார்ட்டர் லேக் என்ற ஊர் இன்றும் ஆற்றின் நெப்ராஸ்கா பக்கத்தில் இருக்கிறது. ரியோ கிராண்டே ஆறு 19ஆம் நூற்றாண்டில் நகர்ந்ததில் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே எழுந்த சமிசல் தகராறு 1963 உடன்படிக்கையில்தான் தீர்ந்தது. ஊர்ந்ததா, தாவியதா என்பதே வழக்கு.

உங்கள் உலகத்துக்கு இது பொன்னான சரக்கு. எல்லைக்கோட்டை ஆற்றுக்கோட்டின் நகலாக வைக்காமல் தனிப் பொருளாக வரையுங்கள். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாக ஓடட்டும். பிரியும் இடங்களில் உங்கள் போர்கள் தாமே முளைக்கும்.

மந்திரத்தாலோ தெய்வக் கோபத்தாலோ நிலம் மாறினால் இந்த விதிகள் எதற்கு?

காரணம் மந்திரமாக இருக்கட்டும். விளைவு நீரும் காற்றும் பார்த்துக்கொள்ளும். ஒரு மந்திரவாதி மலையைப் பிளந்தார் என்றால் அந்தப் பாறை எங்கே விழுந்தது? 1911இல் பாமிர் மலையில் நிலநடுக்கத்தால் சரிந்த மலைச்சரிவு முர்காப் ஆற்றை அடைத்தது. அந்த இயற்கை அணையின் உயரம் 500 மீட்டருக்கும் மேல். அதன் பின்னால் தேங்கிய சாரெஸ் ஏரி இன்றும் இருக்கிறது. உங்கள் மந்திரவாதியின் மலைக்குக் கீழேயும் ஓர் ஏரி, அது உடையுமோ என்று அஞ்சும் ஊர்கள், எல்லாம் வந்துவிடும்.

மலைத்தொடரையே தெய்வம் அழித்துவிட்டது என்றால் மழைமறைவும் போய்விடும். காற்று வீசும் பக்கத்தில் மழை குறையும், மறுபக்கம் பசுமையாகும், நீர்ப்பிரிமேடு இல்லாமல் ஆறுகள் புதுத்திசை தேடும். இதற்கெல்லாம் பொறுமை இல்லை என்றால் மலையை விட்டுவிட்டுக் கோபுரம் எதையாவது இடிக்கச் சொல்லுங்கள்.

என் உலகில் தீவுகள் மிதந்து நகர்கின்றன. வரைபடமே சாத்தியமா?

இடம் நிலையில்லாதபோது தொடர்பை வரையுங்கள். எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு எந்தப் பருவத்தில் எத்தனை நாள் பயணம் என்று கோடுகளால் இணைத்த படம் போதும். மாலுமிகளுக்கு அதுதான் தேவை. நகர்வில் ஒழுங்கு இருந்தால் பருவத்துக்கு ஒரு படம். இல்லையென்றால் கடைசியாகக் கண்ட இடமும் நாளும் எழுதிய படம். உங்கள் உலகத்திலும் ஏதாவது ஒன்று அசையாமல் இருக்கட்டும்: ஒரு பாறை, ஒரு விண்மீன். அதுவும் இல்லாவிட்டால் வாசகருக்குத் தலை சுற்றும்.

அந்த உலகத்து மக்கள் வரையும் படம் தப்பாக இருக்கலாமா?

இருக்க வேண்டும். ஜேம்ஸ் ரெனல் 1798இல் மேற்கு ஆப்பிரிக்கப் படத்தில் இட்ட காங் மலைத்தொடர் என்ற ஒன்று இல்லவே இல்லை. ஆனாலும் லூயி பிங்கர் 1880களின் இறுதியில் அங்கே போய்ப் பார்த்துச் சொல்லும்வரை படங்களில் அது நிமிர்ந்து நின்றது. கலிபோர்னியாவை 17ஆம் நூற்றாண்டுப் படங்கள் பல தீவாகவே காட்டின. ஒருவர் படத்தைப் பார்த்து இன்னொருவர் வரைவதால் பிழைக்கு ஆயுள் கூடுகிறது.

மாறும் உலகத்தில் இன்னொரு வகைப் பிழையும் சேரும்: வரைந்தபோது சரி, இப்போது தவறு. 500ஆம் ஆண்டில் ஒரு தளபதி கையில் வைத்திருக்கும் படத்தில் மருளாறு இன்னும் தெற்கே ஓடுகிறது. அவர் தண்ணீரை நம்பிப் படையை எங்கே நிறுத்துவார் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கற்பனைப் படத்துக்கும் வரைந்தவர், ஆண்டு, எதைப் பார்த்து வரைந்தார் என்று மூன்றாவது பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

ஊர்ப்பெயர்களும் மாறுமா?

நிலத்தைவிடத் தாமதமாக. கடல் போன பிறகும் கொற்றுறையில் 'துறை' இருக்கும். ஏரி தூர்ந்த பிறகும் ஏரிக்கரைத் தெரு இருக்கும். பெயர்களைத் திருத்தித் திருத்தி நிலத்தோடு பொருத்தாதீர்கள். பொருந்தாத பெயரே பழைய நிலத்துக்குச் சாட்சி.

விளையாடுகிறவர்கள் நடுவில் அணையை உடைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

அன்றே ஒரு வரி: ஆண்டு, இடம், என்ன நடந்தது. படத்தை அடுத்த அமர்வுக்கு முன் திருத்தினால் போதும். கீழே உள்ள ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சம உயரக் கோடு தீர்மானிக்கட்டும். விளையாட்டை நடத்துகிறவரின் இரக்கமோ கோபமோ தீர்மானிக்க வேண்டாம்.

வெளியான முதல் நூலின் படமும் இரண்டாம் நூலின் கதையும் ஒத்துவரவில்லையே?

முதல் படத்தை உலகத்துக்குள்ளிருக்கும் ஒருவர் வரைந்ததாக அறிவித்துவிடலாம். வசதியான வழி, ஆனால் ஒருமுறைதான் செல்லும். தூரம், திசை போன்றவை பயணக் கதையையே பாதிக்குமானால் மறுபதிப்பில் வெளிப்படையாகத் திருத்துவது மேல். எல்லா முரணுக்கும் நிலநடுக்கத்தைக் காரணம் காட்டாதீர்கள். வாசகர் எண்ணிக்கொண்டிருப்பார்.

கடைசியில் வாசகருக்கு எத்தனை படம் தர வேண்டும்?

பதிவேட்டில் நாற்பது மாற்றங்கள் இருந்தாலும் அச்சில் இரண்டு போதும்: கதை தொடங்கும் ஆண்டு, முடியும் ஆண்டு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல், ஒரே சட்டகம், ஒரே எழுத்துரு. முடிந்தால் எதிரெதிர்ப் பக்கங்களில். மூன்றாவது வேண்டும் என்றால் மாற்றம் குவிந்திருக்கும் இடத்தை, மருளாற்றின் கழிமுகம் போன்றதை, மட்டும் பெரிதாக்கி ஃபிஸ்க் பாணியில் எல்லாத் தடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். நிற அச்சு கிடைக்காவிட்டால் பழைய தடம் புள்ளிக்கோடு, அதற்கும் முந்தையது அடர்த்தி குறைந்த புள்ளிக்கோடு, இப்போதையது முழுக்கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆண்டு. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும் முன் நூலின் அதே அளவில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒட்டிக்கொண்டு கோடாகத் தெரிந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள்.